கப்பலில் ஒரு கொசுறு



காய்கறிக் கடைக்குப் போகிறோம். ஒரு கிலோ கத்தரிக்காய், அரைக் கிலோ வெங்காயம் வாங்குகிறோம். கடைக்காரர் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து நம் பைக்குள் வைக்கிறார். இதைத்தான் கொசுறு என்று சொல்கிறோம். கொசுறு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால், கறிவேப்பிலை சும்மா கிடைக்கிறதே என்பதற்காக, வேண்டாத கத்தரிக்காயை மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டில் அடுக்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. கடைத்தெருவில் இவ்வளவு விவரமாக இருக்கும் நாம், பங்கு, முதலீடு என்று வரும்போது மட்டும் சில வேளைகளில் கொசுறைப் பார்த்துச் சரக்கை மறந்துவிடுகிறோம்.

உல்லாசக் கப்பல் நடத்தும் உலகப் பெரிய கம்பெனிகள் தங்கள் பங்குதாரர்களுக்கு இப்படி ஒரு கொசுறு கொடுத்து வருகின்றன. கம்பெனியின் பங்கு வைத்திருப்பவர் அந்தக் கம்பெனியின் கப்பலில் பிரயாணம் செய்தால், கப்பலுக்குள் செலவு செய்துகொள்ள ஒரு தொகையை அவர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அந்தத் தொகை எவ்வளவு, அதை எப்படிப் பெறுவது, எதற்குச் செலவிடுவது, அதற்காகப் பங்கு வாங்கலாமா வாங்கக் கூடாதா என்பதைத்தான் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்து மக்களுக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் பெரியவர்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததே கப்பலில்தான். ரஜுலா என்ற பெயரைச் சொன்னால் இன்றும் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கிவிட்டது. தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து வந்த பிரயாணம் அது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். "அம்மா, அப்பா, இந்த வருஷம் உங்களைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று ஆசையோடு சொல்கிறார்கள். சிங்கப்பூரில் மெரினா பே கப்பல் முனையம் 2012-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்ப மூன்று, நான்கு இரவுகள் போதும். அதே பிள்ளைகள் கைப்பேசியிலேயே அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, "நூறு பங்கு வாங்கினால் கப்பலில் இலவசப் பணம்" என்ற பேச்சு நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்கிறது. அப்பாவுக்கு 55 வயது ஆகி, ஊழியர் சேம நிதிப் பணம் கைக்கு வரும் நேரத்தில் அந்தப் பேச்சு வந்தால், விஷயம் விளையாட்டாகப் போவதில்லை. முப்பது வருஷ உழைப்பு அல்லவா அது! அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், பங்கு என்றால் என்ன? இது நமக்குப் புதிய சொல் அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். வேலையும் வீடும் பறிபோகும் நிலைமை தொழிலாளர்களுக்கு ஏற்பட்டது. அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாக, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களே பணம் கட்டி, பங்கு எடுத்து, தோட்டத்துக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். பங்கு என்பது உரிமையில் ஒரு பாகம். நாம் கொடுத்த பணத்துக்கு ஒரு தொழிலில் நமக்குச் சிறிய அளவில் சொந்தம் உண்டு என்று காட்டும் சாட்சி அது.

கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்குப் பத்துப் பங்கு இருந்தாலும் ஆயிரம் பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கம்பெனியில் அப்படி அல்ல. எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. பங்குச் சந்தையில் அந்தப் பங்கின் விலை தினமும் ஏறும், இறங்கும். கம்பெனிக்கு லாபம் வந்தால் லாப ஈவு கொடுப்பார்கள், வராவிட்டால் கொடுக்கமாட்டார்கள். ஆகப் பங்குதாரருக்கு வரவேண்டிய முக்கியமான வரவு இரண்டு: ஒன்று லாப ஈவு, மற்றொன்று விலை ஏற்றம். இந்த இரண்டுக்கும் அப்பால் கிடைப்பதெல்லாம் கொசுறு.

கொசுறு கொடுப்பது கப்பல் கம்பெனிகள் மட்டும் செய்கிற காரியமும் அல்ல. ஜப்பானில் மெக்டோனல்ட்ஸ் பங்கு 100 வைத்திருப்பவருக்குச் சாப்பாட்டுக் கூப்பன் தருகிறார்கள். நம் நாட்டிலும் சில கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய் வருகிறவர்கள் கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமோ, ஒரு பற்றுச்சீட்டோ இருக்கும். பங்குதாரர் நம் கடைக்கே வரட்டும், நம் சரக்கையே வாங்கட்டும், நம்மைப் பற்றி நல்லதாக நாலு பேரிடம் சொல்லட்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரண்டும் இந்தத் தொழிலில் மிகப் பெரிய கம்பெனிகள். இரண்டின் பங்குகளும் நியூயார்க் சந்தையில் விற்கப்படுகின்றன. இரண்டுமே பல ஆண்டுகளாக அறிவித்து வந்த சலுகை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. குறைந்தது 100 பங்கு வைத்திருக்க வேண்டும். கார்னிவலில் ஆறு நாள் வரையிலான பிரயாணத்துக்கு 50 அமெரிக்க டாலர். ஏழு நாள் முதல் பதின்மூன்று நாள் வரை 100 டாலர். பதினான்கு நாளும் அதற்கு மேலும் என்றால் 250 டாலர். ராயல் கரீபியனில் ஐந்து இரவு வரை 50, பதினான்கு இரவும் அதற்கு மேலும் 250. இந்தத் தொகையைக் கப்பல் வரவு என்று நாம் பெயரிட்டுக்கொள்வோம்.

இந்த வரவு எப்படி வேலை செய்கிறது? உல்லாசக் கப்பலில் ரொக்கமாகக் காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை. ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருவார்கள். அறைக்கதவைத் திறப்பதும் அதுதான். கடையில் நீட்டுவதும் அதுதான். நம் தோட்டத்துக் கடையில் பற்றுக் கணக்கு எழுதுவது போல, வாங்குவதெல்லாம் அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி நாள் கணக்கைத் தீர்க்க வேண்டும். கப்பல் வரவு என்பது அந்தப் பற்றுக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் கழிவு. 50 டாலர் வரவு இருந்து 70 டாலருக்கு வாங்கியிருந்தால், நாம் கட்ட வேண்டியது 20 டாலர்.

ஒரு சந்தேகம் வரும். டிக்கெட்டுக்குத்தான் பணம் கட்டியாயிற்றே, பிறகு கப்பலில் என்ன செலவு என்று. டிக்கெட் கட்டணத்தில் அறையும், பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடும், மேடை நிகழ்ச்சிகளும், நீச்சல் குளமும் அடங்கும். குளிர்பானம், மது, தனிக் கட்டண உணவகம், இணையத் தொடர்பு, துணி துவைப்பது, கப்பல் படப்பிடிப்பாளர் எடுக்கும் படம், கரையில் சுற்றிக் காட்டும் பஸ் இவற்றுக்கெல்லாம் தனிக் காசு. போதாததற்கு, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் என்று, தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாகவே ஏறும் கப்பல்கள் பல உண்டு.

இந்தச் சேவைக் கட்டணத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், ஆக மூன்று பேர் ஓர் அறையில் நான்கு இரவு போகிறார்கள். மகன் பெயரில் 100 பங்கு இருக்கிறது. தலைக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் சேவைக் கட்டணம் என்றால், மூன்று பேருக்கு நான்கு நாளைக்கு 216 டாலர். கிடைக்கும் கப்பல் வரவோ 50 டாலர். அந்த 50 டாலரையாவது இந்த 216-இல் கழித்துக்கொள்ளலாமா என்றால், கார்னிவல் விதிப்படி முடியாது. கணக்கில் ஏறும் சேவைக் கட்டணத்துக்கும், கப்பலில் உள்ள சூதாட்டக் கூடத்துக்கும் இந்த வரவைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே, "கப்பலில் இலவசப் பணம்" என்று கேட்டதும், கையில் காசில்லாமல் ஏறலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வரவு 50 வருவதற்கு முன்பே செலவு 216 வந்து உட்கார்ந்திருக்கும்.

வேறு சில நிபந்தனைகளும் உண்டு. முதலாவது, பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அந்த அறையில் பிரயாணம் செய்ய வேண்டும். மகன் பெயரில் பங்கு இருந்து, அப்பாவும் அம்மாவும் மட்டும் கப்பல் ஏறினால், வரவு கிடையாது. இரண்டாவது, ஓர் அறைக்கு ஒரு வரவுதான். கணவன் பெயரில் 100, மனைவி பெயரில் 100 இருந்தாலும், ஒரே அறையில் போனால் இரண்டு வரவு வராது. மூன்றாவது, 200 பங்கு வைத்திருந்தால் இரட்டிப்பு வரவு என்பதும் கிடையாது. 99 பங்குக்கு ஒன்றுமே கிடையாது. நான்காவது, இந்த வரவை ரொக்கமாகக் கேட்க முடியாது. மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கப்பலை விட்டு இறங்கும்போது மிச்சம் இருந்தால், அது போனது போனதுதான்.

விண்ணப்பிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். வரவு தானாக வந்து சேராது, கேட்டால்தான் கிடைக்கும். பிரயாணத்துக்குப் பதிவு செய்து, பதிவு எண் கைக்கு வந்ததும், கம்பெனி தன் அறிவிப்பில் சொல்லியிருக்கும் முறையில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பெயர், கப்பலின் பெயர், புறப்படும் தேதி, பதிவு எண், 100 பங்குக்குக் குறையாமல் இருப்பதற்குச் சான்று இவை வேண்டும். பங்குத் தரகர் தரும் கணக்கு அறிக்கையே சான்றாகும். அந்த அறிக்கையில் இருக்கும் பெயரும் கடப்பிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்து தொல்லை கொடுக்கும். அதை முன்பே சரி பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்குக் குறையாமல் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. வரவு கணக்கில் எழுதப்பட்டுவிட்டதா என்று கப்பல் ஏறிய முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரிசையில் நின்று வாதாடுவதைவிட அது மேல்.

இன்னொன்று. இந்த விதிகளைக் கம்பெனிகள் குறிப்பிட்ட காலத்துக்கென்றே அறிவிக்கின்றன. நீட்டிக்கவும் செய்யலாம், மாற்றவும் செய்யலாம், நிறுத்தவும் செய்யலாம். அண்டை வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் போனபோது இருந்த விதி, நீங்கள் போகும்போது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் புறப்படும் தேதிக்கு எந்த விதி என்று கம்பெனியின் சொந்த அறிவிப்பிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இது பத்து நிமிஷ வேலை.

கிடைத்த வரவை எதற்குச் செலவிடலாம்? எப்படியும் நாம் செய்யவேண்டிய செலவுக்கே அதைப் பயன்படுத்துவதுதான் சிக்கனம். பிள்ளைகளுடன் பேச இணையத் தொடர்பு வேண்டும் என்றால் அதற்குப் பயன்படுத்துங்கள். அப்பா அம்மா சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல படத்துக்குப் பயன்படுத்துங்கள். சுவரில் மாட்டிப் பார்க்க அது மிஞ்சும். "வரவு இருக்கிறதே" என்று வேண்டாத நகைக் கடைக்குள் நுழைந்தால், 50 டாலர் வரவை வைத்துக்கொண்டு 200 டாலர் செலவு செய்துவிட்டுத்தான் வெளியே வருவோம். கம்பெனி எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கரையில் சுற்றிப் பார்க்கும் பஸ்ஸுக்கும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்பது ஜோர்ஜ் டவுனில் உள்ள சுவெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு, நம்மவர் கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப, கப்பல்காரருடைய வழிகாட்டி நமக்கு எதற்கு?

இதுவரை சொன்னது, பங்கு ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு. இனி, இந்த வரவுக்காகவே பங்கு வாங்கலாமா என்ற கேள்வி. இங்கேதான் பென்சிலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜூன் மாதத்தில் கார்னிவல் பங்கு ஒன்று ஏறத்தாழ 25 டாலர் விலையில் இருந்தது. 100 பங்குக்கு 2,500 டாலர். கணக்கு எளிதாக இருக்க, ஒரு டாலருக்கு நான்கு மலேசிய வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெள்ளி ஆகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில், ஒரு காசு கூடச் செலவு செய்யாமல் ஏறத்தாழ ஆறு மாதம் சேர்த்தால்தான் அந்த 10,000 வெள்ளி வரும். அதைக் கொடுத்து வாங்கும் பங்குக்கு, ஒரு சின்னக் கப்பல் பிரயாணத்தில் கிடைப்பது 50 டாலர், அதாவது 200 வெள்ளி. அதுவும், கப்பல் டிக்கெட்டுக்கு வேறு பணம் கட்டிப் பிரயாணம் போனால்தான் கிடைக்கும். போகாத வருஷம் ஒன்றும் இல்லை.

ராயல் கரீபியன் பங்கோ 2025 ஜூலையில் 300 டாலருக்கு மேல் இருந்தது. 100 பங்குக்கு 30,000 டாலர். நம் கணக்கில் 1,20,000 வெள்ளி. கொசுறு என்னவோ அதே 50 டாலர்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளியைக் கொண்டுபோய் வைத்து, இருநூறு வெள்ளி கொசுறுக்காகக் காத்திருப்பதை என்னவென்று சொல்வது? "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைவிடச் சின்ன விஷயத்துக்குத்தான்.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். ஊழியர் சேம நிதி வாரியம் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு அறிவித்தது. அதே 10,000 வெள்ளி அங்கே இருந்திருந்தால் அந்த ஆண்டு 630 வெள்ளி சேர்ந்திருக்கும். கப்பல் ஏற வேண்டாம்; விண்ணப்பம் அனுப்ப வேண்டாம். 55 வயதானதும் பணத்தை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விட்டுவைத்தால் 100 வயது வரை லாப ஈவு சேரும். இது பலருக்குத் தெரியாத செய்தி. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

பங்கு விலை ஏறினால் அந்த லாபம் வருமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏறலாம். ஆனால் இறங்கவும் செய்யும். 2020 ஜனவரியில் கார்னிவல் பங்கு ஏறத்தாழ 50 டாலரில் இருந்தது. பிப்ரவரியில், அந்தக் கம்பெனிக் குழுமத்தைச் சேர்ந்த டைமண்ட் பிரின்சஸ் கப்பல் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்தவர்களில் 700 பேருக்கு மேல் கோவிட் நோய் கண்டது. மார்ச்சில் உலகம் முழுவதும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. லாப ஈவும் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி பணம் திரட்டுவதற்காகப் புதிய பங்குகளை 8 டாலர் விலைக்கு விற்றது. கணக்குப் போடுங்கள். ஜனவரியில் 5,000 டாலருக்கு நூறு பங்கு வாங்கியவரிடம் ஏப்ரலில் இருந்தது 800 டாலர் பெறுமானம். மூன்று மாதத்தில் 4,200 டாலர் கரைந்துவிட்டது. கப்பலே ஓடாதபோது கப்பல் வரவு எந்தக் கணக்கில் ஏறும்?

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1993-இல் தொடங்கப்பட்ட ஸ்டார் குரூஸ் கப்பல்களை மலேசியர்களில் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் கப்பல்களை நடத்திய கெந்திங் ஹாங்காங் கம்பெனி, கோவிட் காலத்து நட்டத்தைத் தாங்க முடியாமல், 2022 ஜனவரியில் தன்னைக் கலைத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு மனுச் செய்தது. கம்பெனி கலையும்போது முதலில் கடன்காரர்களுக்குக் கொடுப்பார்கள். பங்குதாரருக்குக் கடைசி வரிசைதான். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் வந்து உட்காருகிறவரைப் போல, மிச்சம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம் சமூகம் இந்தப் பாடத்தை வேறொரு இடத்திலும் படித்திருக்கிறது. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது, தோட்டத்துக் குடும்பங்கள் பல நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் ஒரு வெள்ளிப் பங்குகளை வாங்கின. 28 ஆண்டுகள் கழித்து, 2010-இல், அந்தப் பங்குகளுக்குப் பேசப்பட்ட விலை 80 காசு. யாரையும் குறை சொல்வதற்காக இதை நினைவூட்டவில்லை. அடகு வைத்த தாலிக்கொடியை மீட்கக் கஷ்டப்பட்ட தாய்மார்களுக்கு, பங்கு என்பது வெறும் காகிதம் அல்ல, வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை. அடகு வைத்தோ, கடன் வாங்கியோ, கூட்டுப் பணத்தை எடுத்தோ பங்கு வாங்கக் கூடாது. மூழ்கினாலும் வீடு தாங்கும் என்ற பணத்தில் மட்டுமே வாங்க வேண்டும்.

அதனால் பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் தொழிலைப் புரிந்துகொண்டு, அதன் கடன், லாபம் எல்லாம் பார்த்து, பல வருஷம் வைத்திருக்கும் எண்ணத்தோடு ஒரு மகனோ மகளோ பங்கு வாங்கினால், அது முதலீடு. அப்படி வாங்கியவர் கப்பல் ஏறும்போது 50 டாலர் வரவைக் கேட்டு வாங்காமல் விட்டால், அது ஏமாளித்தனம். வரவுக்காக மட்டும் பங்கு வாங்கினால், அதுவும் ஏமாளித்தனம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் விவேகம்.

முடிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. கப்பல் கம்பெனிப் பங்கை நாம் சந்தையில் தரகர் மூலமாகத்தான் வாங்குகிறோம். யாரும் வீட்டுக் கதவைத் தட்டி விற்பதில்லை. "எங்கள் திட்டத்தில் ஐயாயிரம் வெள்ளி போடுங்கள், நீங்களும் கப்பல் பங்குதாரர், வருஷா வருஷம் இலவசப் பிரயாணம், நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன்" என்று யாராவது வந்தால், அது நான் இவ்வளவு நேரம் சொன்ன சலுகை அல்ல. தெரிந்த முகமாக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதி பெறாத திட்டங்களின் பெயர்களைப் பேங்க் நெகாரா ஒரு பட்டியலாகவும், பங்கு ஆணையம் ஒரு பட்டியலாகவும் வெளியிடுகின்றன. அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதனாலேயே நம்பிவிடவும் கூடாது. பங்கு விற்க உரிமம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அதேபோல, கப்பல் வரவுக்குச் சான்று அனுப்பும்போது தரகர் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டாம். சான்றுக்கு அறிக்கை போதும். கடவுச்சொல்லைக் கேட்பவன் கப்பல்காரன் அல்ல.

சொன்னவற்றைச் சுருக்கமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பங்கு இருந்தால் கேட்டுப் பெறுங்கள். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். பங்குக்கு உடையவரே கப்பல் ஏறட்டும். சேவைக் கட்டணத்துக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மிச்சம் வைக்காமல், வேண்டியதற்கே செலவிடுங்கள். பங்கு இல்லாவிட்டால், இதற்காக வாங்காதீர்கள். 50 டாலர் மிச்சப்படுத்த வேண்டும் என்றால், கப்பலில் இரண்டு குளிர்பானம் குறைவாகக் குடித்து, ஒரு பஸ் பிரயாணத்தை விட்டால் போதும். அதற்குப் பங்குச் சந்தை தேவை இல்லை.

பிள்ளைகள் கப்பலில் அழைத்துப் போகிறோம் என்றால், பெரியவர்கள் தயங்காமல் போய் வாருங்கள். மலாக்கா நீரிணையை இரவில் கடக்கும்போது மேல்தளத்தில் நின்று, உங்கள் அப்பாவோ தாத்தாவோ அதே கடலில் எப்படி வந்தார் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கம்பெனியும் கட்டணம் போடுவதில்லை. புறப்படும் முன் மட்டும், வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.